வண்டி ஓடுவது பெரிசில்லை, நிற்பதுதான் பெரிசு!
(எங்க வீட்டு ஓம்னிக்கு பிரேக் ஷூ மாற்றிய கதை)



இந்த முறை சுவர்ப் பத்திரிகைக்கு "நீயே செய்து பார்த்த ஒன்றை விளக்கி எழுது" என்று டீச்சர் சொன்னார்கள். மற்றவர்கள் வத்தல் போடுவது, கூடை பின்னுவது என்று எழுதுகிறார்கள். நான் எங்க அப்பாவோடு சேர்ந்து காருக்கு பிரேக் ஷூ மாற்றினேன். அதையே எழுதுகிறேன். "பொம்பளப் புள்ள இதையா எழுதுவ?" என்று எங்க ஆயா சிரித்தாங்க. ஆனால் படித்து முடித்தால் இது எல்லோருக்கும் வேண்டிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

எங்களிடம் ஒரு பழைய மாருதி ஓம்னி வேன் இருக்கிறது. ஓம்னி 2019க்குப் பிறகு புதிதாக வருவதில்லை. அதனால் அப்பா அதைக் கண்ணு மாதிரி வைத்திருக்கிறார். தர்பூசணி சீசனில் திண்டிவனத்துக்கு காய் ஏற்றுவார். மல்லாட்டை பிடுங்கும் நாளில் ஊர் அம்மாக்களைக் கொல்லைக்கு அழைத்துப் போவார். நம்ம வகுப்பில் மூன்று பேரின் அம்மா அந்த வேனில்தான் போகிறார்கள்.

சத்தத்தை முதலில் கேட்டது நான்

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிரேக் போடும்போது பின்பக்கம் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. அதை முதலில் கேட்டது நான்தான். முன் சீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்டுக்கொண்டு போனேன். சத்தம் பாட்டைக் கெடுத்தது. நான் அப்பாவிடம் சொல்லாமல் பாட்டைக் கூட்டி வைத்துவிட்டேன். ஒரு மாதம் அப்படியே போய்விட்டது.

அப்புறம் ஒரு நாள் மரக்காணம் ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். உள்ளே ஏழு அம்மாக்கள் இருந்தார்கள். ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியது. அப்பா பிரேக்கை மிதித்தார். வண்டி நேராக நிற்காமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், புளியமரத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. ஆட்டுக்குட்டி தப்பித்தது, நாங்களும் தப்பித்தோம். யாரும் பேசவில்லை. அப்பாவின் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

அன்று ராத்திரி சத்தத்தைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். அப்பா திட்டவில்லை. "ஞாயித்துக்கெழம கழட்டிப் பாக்கலாம், நீயும் கூட இரு" என்றார். அப்பா சின்ன வயதில் லாரியில் கிளீனராக இருந்தவர், இந்த வேலை அவருக்குத் தெரியும். ஆனாலும் எங்க சொந்தக்கார மெக்கானிக் மாமாவையும் வரச் சொன்னார்.

டிரம் பிரேக் என்றால் என்ன?

ஒரு அலுமினியக் குண்டானைக் கவிழ்த்து சக்கரத்தோடு சேர்த்து முடுக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் டிரம். ஆனால் அது கனமான வார்ப்பு இரும்பில் இருக்கும். சக்கரம் சுற்றினால் அதுவும் சுற்றும். அதற்குள்ளே, சுற்றாமல் இருக்கும் ஒரு தகட்டின் மேல் இரண்டு பிறை நிலா மாதிரி இரும்புத் துண்டுகள் எதிரும் புதிருமாக இருக்கும். கணக்கில் போடுகிற அடைப்புக்குறி ( ) மாதிரி. இவைதான் பிரேக் ஷூ. ஷூவின் வெளிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் கெட்டியான பட்டைக்கு லைனிங் என்று பெயர்.

அப்பா பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் குழாய் வழியாக அழுத்தம் போகும். டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரில் இரண்டு குட்டி பிஸ்டன்கள் வெளியே தள்ளும். இரண்டு ஷூவும் விரிந்து டிரம்மின் உள்சுவரை அழுத்தும். உராய்வு உண்டாகி சக்கரம் நிற்கும். காலை எடுத்தால் ஸ்பிரிங் ஷூக்களைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். ஒரு கால் மிதிப்பது நான்கு சக்கரத்துக்கும் எப்படிப் போகிறது? நம்ம ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பாய்மங்கள் பாடத்தில் பாஸ்கல் விதி படித்தோமே, அதேதான். அடைத்து வைத்த திரவத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். பரீட்சைக்குப் படித்தபோது புரியாதது, அந்தக் குட்டி பிஸ்டனைப் பார்த்தபோது புரிந்தது.

எங்க ஓம்னியில் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின் சக்கரத்தில் டிரம் பிரேக். ஏன் அப்படி? பிரேக் போட்டால் பஸ்ஸில் நாம முன்னால் சாய்கிறோம் இல்லையா? வண்டியின் பாரமும் அப்படித்தான் முன்னால் போகும். அதனால் முன் பிரேக்குக்கு வேலை அதிகம். பின்னால் டிரம் போதும். ஹேண்ட் பிரேக் கம்பியையும் அதிலேயே சுலபமாக மாட்டிவிடலாம். பழைய அம்பாசிடர் கார்களில் நான்கு சக்கரத்திலுமே டிரம்தான். கார் இல்லாதவர்கள் 'நமக்கு என்ன' என்று போய்விட வேண்டாம். நம்ம ஊரில் வீட்டுக்கு வீடு நிற்கிற எக்ஸ்.எல். வண்டியிலும் இதே டிரம், இதே ஷூதான். சின்னதாக இருக்கும், ஆயிலுக்குப் பதில் கம்பி இழுக்கும், அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரியுமா?

• இப்போதைய மாதிரியான டிரம் பிரேக்கை 1902இல் உருவாக்கியவர் என்று பிரான்ஸ் நாட்டு லூயி ரெனோவைச் சொல்வார்கள்.

• இங்கிலாந்தில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பழைய பூட்ஸைச் சக்கரத்தில் வைத்து அழுத்தி வண்டியை நிறுத்துவார்களாம். அதைப் பார்த்துத்தான் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் பிரேக் லைனிங் செய்ய ஆரம்பித்தார் என்பார்கள். 1897இல் அவர் ஆரம்பித்த கம்பெனிதான் ஃபெரோடோ.

• நம்ம சென்னை பாடியில் 1962லிருந்து பிரேக்ஸ் இந்தியா கம்பெனி பிரேக் சாமான்கள் செய்கிறது.

ஷூ ஏன் தேய்கிறது?

ஓடுகிற வண்டியில் இயக்க ஆற்றல் இருக்கிறது. வண்டியை நிறுத்தினால் அந்த ஆற்றல் எங்கே போகும்? வெப்பமாக மாறும். 1,000 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போனால், அதன் ஆற்றல் 50,000 ஜூல். அதே வண்டி 72 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 1,00,000 ஜூல் என்று நினைப்பீர்கள். இல்லை, 2,00,000 ஜூல்! வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். அந்த 2,00,000 ஜூல் வெப்பத்தில், 30 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் மிச்சம் இருக்கும். டீக்கடைக்காரர் அடுப்பில் செய்கிற வேலையை பிரேக் சில நொடியில் செய்கிறது. அந்தச் சூட்டிலும் உரசலிலும் லைனிங் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியாகும். அது தேயத்தான் வேண்டும், ரப்பர் தேய்ந்தால்தானே பென்சில் எழுத்து அழியும். ஆனால் முழுக்கத் தேய்ந்த பிறகும் ஓட்டினால் ஷூவின் இரும்பு டிரம்மின் இரும்பை அறுக்கும். நான் கேட்ட 'கர்ர்ர்' அதுதான்.

எப்படி மாற்றினோம்?

1. முதலில் பாதுகாப்பு. வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்தினோம். இஞ்சினை அணைத்து முதல் கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை வைத்தோம். பின் டிரம்மைக் கழட்டணும் என்பதால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தோம். அது பிடித்திருந்தால் டிரம் வராது. சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிடணும். அப்புறம்தான் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது. நான் ஹாலோ பிளாக் கல்லை எடுத்து வந்தேன். மாமா "அது பொசுக்குன்னு நொறுங்கிடும் பாப்பா, வேணாம்" என்று சொல்லி, பட்டறையிலிருந்து கொண்டுவந்த இரும்பு ஸ்டேண்டை வைத்தார்.

2. டிரம்மைக் கழட்டுவது. சக்கரம் வந்துவிட்டது, டிரம் வரவில்லை. உப்பளம் பக்கம் போய் வருகிற வண்டி, துரு பிடித்து இறுகிவிட்டது. டிரம்மின் முகத்தில் மரை போட்ட இரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தன. மாமா அவற்றில் இரண்டு 8 மி.மீ. போல்ட்டை விட்டு, இதில் ஒரு சுற்று அதில் ஒரு சுற்று என்று முடுக்கினார். டிரம் தானே வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. ஒரே பக்கமாக முடுக்கினால் டிரம் கோணிக்கொள்ளும்.

3. தூசியை ஊதக்கூடாது! உள்ளே கறுப்புப் பொடி நிறைய இருந்தது. என் தம்பி குனிந்து வாயால் ஊதப் போனான். மாமா போட்ட சத்தத்தில் கோழியெல்லாம் ஓடியது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் கலந்திருந்தார்கள். எல்லா வகை கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கழட்டுகிற பழைய ஷூவில் எது இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. அதனால் வாயால் ஊதுவது, காற்றுப் பம்பால் அடிப்பது, துடைப்பத்தால் பெருக்குவது எதுவும் கூடாது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தோம். அந்தத் துணியை ஒரு கவரில் போட்டுக் கட்டிவிட்டோம். புது ஷூ வாங்கும்போதும் கல்நார் இல்லாதது என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

4. பார்த்துத் தெரிந்துகொள்வது. இடது பக்க ஷூவில் லைனிங் ஒரு ஓரத்தில் சுத்தமாக இல்லை. வலது பக்கம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வண்டி ஏன் ஒரு பக்கம் இழுத்தது என்று அப்போதுதான் புரிந்தது. பல கார்களுக்கு லைனிங் 1 மி.மீ. தடிமனுக்கு வருவதற்குள் மாற்றிவிட வேண்டும் என்பார்கள். அவரவர் வண்டியின் கையேட்டில் சரியான அளவு இருக்கும். வீல் சிலிண்டரின் ரப்பரை மெதுவாகத் தூக்கிப் பார்த்து, ஆயில் கசியவில்லை என்று மாமா சொன்னார். கசிந்திருந்தால் ஷூ மட்டும் மாற்றிப் பயனில்லை. டிரம்மில் ஆழமாகக் கோடு விழுந்திருக்கிறதா என்றும் பார்த்தார். லேசான கோடுதான் இருந்தது. டிரம் எவ்வளவு வரை தேயலாம் என்ற அளவு டிரம்மிலேயே பொறித்திருக்கும்.

5. ஒரு பக்கம் மட்டும் கழட்டணும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போடக்கூடாது. எது எங்கே இருந்தது என்று மறந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறியிருக்கும். நான் அப்பா போனில் போட்டோ எடுத்தேன். ஒரு பழைய பேப்பரை விரித்து, கழட்டக் கழட்ட ஒவ்வொரு சாமானையும் வரிசையாக வைத்து பேனாவால் நம்பர் போட்டேன். ஷூவைத் தகட்டோடு பிடித்திருக்கும் குட்டி ஸ்பிரிங்குகள், இரண்டு ஷூவையும் இழுத்துப் பிடிக்கும் பெரிய ஸ்பிரிங்குகள், நடுவில் இருக்கும் இரும்புக் கட்டை, ஹேண்ட் பிரேக் லீவர் என்று மொத்தம் 11 சாமான் வந்தது. பெரிய ஸ்பிரிங் கட்டிங் பிளேயரிலிருந்து நழுவினால் கண்ணுக்கே வரும். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டார், எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் பெடலை மிதிக்கக்கூடாது. தடுக்க டிரம் இல்லாததால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்து ஆயில் கொட்டிவிடும். தம்பியைக் கூப்பிட்டு வண்டிக்குள் ஏறக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

6. புது ஷூ மாட்டுவது. புது ஷூவை எடுக்கப் போனேன். "கையக் கழுவிட்டு வா, தலைக்கு எண்ண வச்சிருக்க இல்ல?" என்றார் அப்பா. லைனிங்கில் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் உராய்வு குறையும், வழுக்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, ஷூவின் இரும்பைப் பிடித்து எடுத்துக் கொடுத்தேன். தகட்டில் ஷூவின் விளிம்பு உரசுகிற இடங்களில் மட்டும் மாமா சூடு தாங்கும் கிரீஸைப் பொட்டு மாதிரி தொட்டு வைத்தார். லைனிங்கில் ஒரு துளிகூடப் படக்கூடாது. நடுவில் இருக்கும் கட்டை ஷூ தேயத் தேயத் தானாக நீளுமாம். புது ஷூ தடிமனாக இருப்பதால் அதைப் பழையபடி சுருக்கி வைத்தால்தான் டிரம் உள்ளே போகும்.

முன்பக்க ஷூவையும் பின்பக்க ஷூவையும் மாற்றி மாட்டக்கூடாது. வண்டி முன்னால் போகும்போது, சுற்றுகிற டிரம் ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கமாக அழுத்தவைக்கும். கதவுக்கு அடியில் வைத்த ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுகிற மாதிரி. இன்னொரு ஷூவுக்கு அந்த உதவி கிடையாது. அதில்தான் எங்க வண்டிக்கு ஹேண்ட் பிரேக் லீவர் இருந்தது.

7. மிச்சமான எட்டாம் நம்பர். எல்லாம் மாட்டி முடிந்தது. அப்பா டிரம்மைக் கையில் தூக்கிவிட்டார். நான் பேப்பரைப் பார்த்தேன். எட்டாம் நம்பர் மேல் 'ப' எழுத்து மாதிரி ஒரு குட்டி கிளிப் கிடந்தது. என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. "அப்பா, இது மிச்சம்" என்றேன். அப்பா டிரம்மைக் கீழே வைத்தார். போட்டோவைப் பார்த்தோம். பழைய ஷூவிலிருந்து ஹேண்ட் பிரேக் லீவரை எடுத்துப் புது ஷூவில் மாட்டும்போது, அது கழன்று விழாமல் பிடிக்கிற கிளிப் அது. அது இல்லாமலும் அன்றைக்கு வண்டி ஓடியிருக்கும். ஆனால் ஒரு நாள் லீவர் நழுவி ஓடுகிற டிரம்முக்குள் சிக்கியிருக்கும் என்றார் மாமா. அப்பா ஒன்றும் பேசாமல் மறுபடி முதலிலிருந்து கழட்டினார். அரை மணி நேரம் கூட ஆனது. யாரும் அலுத்துக்கொள்ளவில்லை.

8. சோதனை. டிரம்மை மாட்டிச் சுற்றிப் பார்த்தோம். லேசாக உரசிக்கொண்டு சுற்றியது. அடுத்து வலது பக்கமும் அதேபோல மாற்றினோம். ஒரு பக்கம் நன்றாக இருந்தாலும் இரண்டு பக்கத்தையும் சேர்த்தேதான் மாற்றணும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சக்கர நட்டுகளை எதிர் எதிராக முடுக்கி, வண்டியை இறக்கிய பிறகு மறுபடி ஒரு முறை இறுக்கினார்கள். வண்டியை எடுக்கும் முன் அப்பா பெடலைப் பல முறை மிதித்தார். முதலில் உள்ளே போன பெடல் அப்புறம் கெட்டியாக நின்றது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது என்று அர்த்தம். அதை எடுக்காமல் ரோட்டுக்குப் போகக்கூடாது. ஹேண்ட் பிரேக்கையும் பிரேக் ஆயில் அளவையும் பார்த்துவிட்டு, ஏரிக்கரைப் பக்கம் ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்த்தார்கள். வண்டி நேராக நின்றது. புது ஷூ டிரம்மோடு சேர்ந்து படிய சில நாள் ஆகும், அதுவரை வேகமாகப் போய் திடீர் பிரேக் போடக்கூடாது என்றார் மாமா.

நினைவில் வையுங்கள்

• இந்த வேலையை நம்ம மாதிரிப் பிள்ளைகள் தனியாகச் செய்யக்கூடாது. தெரிந்த பெரியவர்கள் கூட இருக்கணும். சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டணும்.

• மழைக்காலத்தில் ரோட்டில் ஓடுகிற தண்ணீரில் இறங்கி வந்தால் டிரம்முக்குள் ஈரம் போய் பிரேக் சரியாகப் பிடிக்காது. கொஞ்ச தூரம் மெதுவாகப் போய் லேசாக பிரேக் மிதித்துக் காயவைக்கச் சொல்லுங்கள்.

• மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும். அதனால்தான் சின்ன கியரில் இறங்குகிறார்கள்.

• ஹேண்ட் பிரேக்கை முழுசாக விடுவிக்காமல் ஓட்டினால் ஷூ சீக்கிரம் தேயும்.

• பிரேக் போடும்போது கரகர சத்தம், ஒரு பக்கம் இழுப்பது, பெடல் வழக்கத்தைவிடக் கீழே போவது, எக்ஸ்.எல். வண்டியில் பிரேக் கம்பியை அடிக்கடி முடுக்க வேண்டியிருப்பது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே சொல்லுங்கள்.

திங்கட்கிழமை காலையில் அம்மாக்கள் தூக்குச்சட்டியோடு வேனில் ஏறினார்கள். "சத்தம் போயிடுச்சே" என்று ஒரு அம்மா சொன்னாங்க. அவங்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது! வண்டிக்காரருக்குத் தெரியாதா என்று அவங்க சொல்லவில்லை. பெரியவங்க யாராவது சொல்லுவாங்க என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் கேட்டோம், ஒருத்தரும் சொல்லவில்லை.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ஏறுகிற வண்டி எதுவாக இருந்தாலும், டிரைவர் யாராக இருந்தாலும், புதுசா ஒரு சத்தம் கேட்டால் பாட்டைக் குறைத்துவிட்டுச் சொல்லுங்கள். அந்தக் கிளிப்பின் போட்டோ இன்னும் அப்பா போனில் இருக்கிறது. வேண்டும் என்றால் வந்து பாருங்கள்.

சிந்தனைக்கு ஒரு கணக்கு: 1,000 கிலோ வண்டி மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதை நிறுத்த பிரேக் எவ்வளவு ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டும்?
(விடை: 1,12,500 ஜூல். முதலில் வேகத்தை நொடிக்கு 15 மீட்டர் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.)



– ஒன்பதாம் வகுப்பு மாணவி,
பிரம்மதேசம்